பெரியப்பா சொன்னதில் ஒன்று நிஜம், ஒன்று புளுகு, இன்னொன்று என்னவென்றே தெரியவில்லை. எப்படிப் பிரிப்பது?

கம்பத்தான்:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு பெரியப்பா வீட்டில் சாப்பாடு. கை கழுவிவிட்டு வந்ததும் போனை எடுத்துவிட்டார். முதலில் ஒரு வீடியோ. ராத்திரி நேரம், ஒரு விமானத்தைத் தரையிலிருந்து சுடுகிறார்கள், குண்டுகள் நெருப்புக் கோடு மாதிரி வளைந்து வளைந்து போகின்றன, கடைசியில் விமானம் தீப்பிடித்து விழுகிறது. "உக்ரைன்ல எடுத்தது, இதையெல்லாம் டிவிக்காரன் காட்ட மாட்டான்" என்றார். அப்புறம் பேச்சு அமெரிக்கா பக்கம் திரும்பியது. எய்ட்ஸ் கிருமி அமெரிக்க ராணுவ லேபில் செய்ததுதான், நான் டெல்லியில் வேலை பார்த்த காலத்திலேயே அங்கே பேப்பரில் வந்தது என்றார். மூன்றாவதாக, 1990இல் ஈராக் குவைத்தைப் பிடித்தபோது வந்த கதை. ஈராக் சிப்பாய்கள் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து இன்குபேட்டரில் இருந்த குழந்தைகளைத் தூக்கித் தரையில் போட்டார்கள் என்று அமெரிக்காவில் ஒரு பெண் அழுதுகொண்டே சொன்னாளே, அது அத்தனையும் விளம்பரக் கம்பெனி ஏற்பாடு, அந்தப் பெண் குவைத் தூதருடைய சொந்த மகள் என்றார்.

மூன்றுக்கும் சேர்த்து "வாட்ஸப் யுனிவர்சிட்டி" என்று சொல்லிச் சிரித்துவிட்டேன். பெரியம்மா முறைத்தார். காபி வரவில்லை.

ராத்திரி உட்கார்ந்து தேடினால் மூன்றாவது அப்படியே நிஜம். 1990 அக்டோபர் 10, நயீரா என்று மட்டும் பெயர் சொன்ன 15 வயதுப் பெண். பேசிய இடம் அமெரிக்க நாடாளுமன்றத்தின் முறையான குழுகூட இல்லை, உறுப்பினர்கள் சிலர் சேர்ந்து வைத்திருந்த மனித உரிமை மன்றம், அதனால் சத்தியப் பிரமாணமும் கிடையாது. ஏற்பாடு ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம், பணம் குவைத் தரப்பு. அப்போதைய அமெரிக்க அதிபர் மூத்த புஷ் அந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டியே முதலில் நம்பி, பிறகு வாபஸ் வாங்கியது. 1991 ஜனவரியில் செனட்டில் போர்த் தீர்மானம் 52க்கு 47 என்று நிறைவேறியது. அவள் தூதர் மகள் என்பது பத்திரிகையில் வந்தது 1992 ஜனவரியில், சண்டையெல்லாம் முடிந்து.

என் பிரச்சினை இதுதான். "யார் சொல்கிறார் என்று பார்" என்பதுதான் இத்தனை நாள் என் அளவுகோல். பெரியப்பா என்றால் தள்ளுபடி, பெரிய பத்திரிகை என்றால் சரி. அது உடைந்துவிட்டது. பெரியப்பாவுக்கோ ஒரு தடவை ஜெயித்ததே போதும், அமெரிக்காக்காரன் அதில் பொய் சொன்னான், அதனால் எல்லாவற்றிலும் பொய்தான் சொல்வான் என்கிறார். ஒரே வாயிலிருந்து வந்த மூன்றை எப்படிப் பிரிப்பது?

சும்மா சுந்தர்:

போனைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தூங்குங்க ப்ரோ. ரெண்டு பக்கமும் பொய்தான் சொல்வான். நமக்கு என்றைக்கும் தெரியப் போவதில்லை.

லேப் அக்கா:

சுந்தர் தம்பி, தூக்கம் நல்லதுதான், ஆனால் தெரியவே தெரியாது என்பது சரியில்லை. நான் 20 வருஷமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள், அதனால் எய்ட்ஸ் கதையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கம்பத்தான், உங்கள் பெரியப்பா டெல்லியில் அதைப் படித்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. 1983 ஜூலையில் பேட்ரியாட் என்ற ஆங்கில நாளிதழில் வந்தது. செய்திகூட இல்லை, பெயர் போடாத ஒரு கடிதம். எழுதியவர் பிரபல அமெரிக்க விஞ்ஞானியாம். ஃபோர்ட் டெட்ரிக் என்ற ராணுவ மையத்தில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன்தான் இந்தக் கிருமியைச் செய்தது, அடுத்த சோதனை பாகிஸ்தானில், அங்கிருந்து இந்தியாவுக்குள் வரும் என்று பயம் காட்டியது. பேட்ரியாட் சோவியத் ஆதரவுப் பத்திரிகை, கடிதத்துக்குப் பின்னால் இருந்தது சோவியத் உளவுத் துறையான கேஜிபி. இரண்டு வருஷம் கதை அப்படியே கிடந்தது. 1985 அக்டோபரில் மாஸ்கோவின் லிட்டரட்டூர்னயா கஸேட்டா என்ற பத்திரிகை அதைத் தூசி தட்டி எடுத்தது. ஆதாரம் என்ன தெரியுமா? இந்தியாவில் பேட்ரியாட் பத்திரிகையிலேயே வந்திருக்கிறது என்பது! ராத்திரி தானே சுவரில் எழுதிவிட்டு, காலையில் ஊரே சொல்லுது பார் என்று காட்டுகிற மாதிரி. 1986இல் யாக்கோப் சேகல் என்ற கிழக்கு ஜெர்மனி உயிரியற்பியலாளர், இரண்டு வைரஸை வெட்டி ஒட்டி 1977இல் செய்தார்கள் என்று அறிவியல் பாஷையில் ஓர் அறிக்கையே விட்டார். 1987க்குள் 80 நாடுகள் வரை பரவியது. கடைசியில் 1992இல், ரஷ்ய வெளிநாட்டு உளவுத் துறைத் தலைவராக இருந்த பிரிமகோவ் இது தங்கள் ஆட்கள் கிளப்பியதுதான் என்று ஒப்புக்கொண்டார்.

ஆனால் பிரிமகோவ் சொன்னதால் நான் அதைத் தள்ளவில்லை. ஆப்பிரிக்காவின் காங்கோவில், இன்றைக்கு கின்ஷாசா என்கிற ஊரில் 1959இல் வேறு ஏதோ ஆராய்ச்சிக்காக ஒருவரிடம் எடுத்து வைத்த ரத்தம் இருந்தது. அதில் எச்ஐவி இருப்பதை ஆராய்ந்து 1998இல் கட்டுரை வெளியிட்டார்கள். ஜீனை வெட்டி ஒட்டுகிற வித்தையே 1970களில் வந்தது. அப்போ 1959 ரத்தத்துக்குள் அது எப்படிப் போனது? எங்கள் வேலையில் ஒரு டியூப் கைக்கு வந்தால் முதலில் பார்ப்பது லேபிள், அதில் தேதி. அந்த ரத்தத்தை எடுத்தவருக்கு எய்ட்ஸ் என்ற பெயரே தெரியாது. யாருக்கும் பரிந்து பேச எடுத்த ரத்தம் இல்லை அது.

ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை நம்பியவர்களைப் பார்த்து நான் சிரிக்கமாட்டேன். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் பலர் நம்பினார்கள். டஸ்கீகியில் 1932இலிருந்து 1972 வரை, 399 கறுப்பின ஆண்களுக்கு சிஃபிலிஸ் இருக்கிறது என்று தெரிந்தே, பென்சிலின் வந்த பிறகும் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசாங்க டாக்டர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அது நடந்த ஊரில் எவன் எதைச் சொன்னாலும் நம்பத்தான் தோன்றும். அந்தக் கோபம் நியாயமானது, 1959 ரத்தமும் நிஜம். இரண்டும் ஒன்றையொன்று அழிக்காது.

பழைய டெஸ்க்:

பத்திரிகை டெஸ்க்கில் 31 வருஷம் உட்கார்ந்து ரிட்டையர் ஆனவன். அக்கா பிடித்த தேதி விஷயத்தை நானும் பிடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் "யார் சொல்கிறார்" என்ற அளவுகோல் உடைந்ததற்கு நயீராவைவிடப் பெரிய உதாரணம் ஒன்று இருக்கிறது.

1943 ஏப்ரல் 13. பெர்லின் வானொலி ஒரு செய்தி சொல்கிறது. ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க் பக்கத்தில் காட்டின் என்ற காட்டில் ஆயிரக்கணக்கான போலந்து ராணுவ அதிகாரிகளின் பிணங்கள் குழி குழியாகக் கிடக்கின்றன, பின்மண்டையில் சுடப்பட்டு. செய்தது சோவியத். இதைச் சொல்வது யார்? ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் கெப்பல்ஸ். உலகத்திலேயே பொய்க்குப் பேர்போன ஆள், அதுவும் தன் பங்குக்கு யூதர்களைக் கொன்று குவித்துக்கொண்டிருக்கிற நேரத்தில். மறுக்கிறவர் யார்? ஹிட்லரோடு மோதிக்கொண்டிருக்கிற, பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் கூட்டாளியான ஸ்டாலின். ஆளைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் எந்தப் பக்கம் சொல்வீர்கள்? நானாக இருந்தால் ஜெர்மனிதான் கொன்றது என்று அடித்துச் சொல்லியிருப்பேன்.

கெப்பல்ஸ் சொன்னதுதான் நிஜம்.

இந்த வழக்கில் அழகு என்னவென்றால் எல்லாம் ஒரே ஒரு தேதியில் நிற்கிறது. ஸ்மோலென்ஸ்க் பகுதி ஜெர்மனி கைக்குப் போனது 1941 ஜூலையில். அவர்கள் செத்தது 1940 என்றால் சோவியத் கொன்றது, 1941 இலையுதிர்காலம் என்றால் ஜெர்மனி கொன்றது. நடுவில் வேறு கதைக்கே இடமில்லை. பிணங்களின் சட்டைப் பையில் கடிதம், செய்தித்தாள், டைரி எல்லாம் இருந்தன, 1940 மே முதல் வாரத்தைத் தாண்டி ஒரு தேதியும் இல்லை. ஒரு மேஜருடைய டைரி ஏப்ரல் 9 அன்று நிற்கிறது. காட்டுக்குள் கொண்டுவந்து இறக்கினார்கள், சோதனை போட்டார்கள், கைக்கடிகாரத்தை எடுத்துக்கொண்டார்கள், கல்யாண மோதிரத்தைப் பற்றிக் கேட்டார்கள், பணம், பெல்ட், பேனாக் கத்தி போயிற்று என்று எழுதியிருக்கிறார். அதற்கப்புறம் பக்கம் காலி.

இதெல்லாம் ஜெர்மன்காரன் கையில் இருந்த காகிதம்தானே, அவனே எழுதி வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். சோவியத்தும் அதே வேலையைத்தான் செய்தது. ஸ்மோலென்ஸ்கைத் திரும்பப் பிடித்ததும் 1944 ஜனவரியில் புர்தெங்கோ கமிஷன் என்று போட்டு, குழியிலிருந்து 1940 நவம்பர், 1941 ஜூன் என்று தேதி போட்ட சில காகிதங்களைக் "கண்டெடுத்தார்கள்". காகிதத்துக்குக் காகிதம் சரியாகப் போச்சு. ஆனால் யாரும் தயார்செய்ய முடியாத சாட்சி ஒன்று இருந்தது. அந்த அதிகாரிகள் சோவியத் கைதிகள் முகாமிலிருந்து வீட்டுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர்கள். 1940 வசந்த காலத்தோடு கடிதம் வருவது நின்றுவிட்டது, ஒரு வீட்டில் இல்லை, ஆயிரக்கணக்கான வீடுகளில், ஜெர்மன் சிப்பாய் அந்தக் காட்டில் கால் வைப்பதற்கு ஒரு வருஷத்துக்கும் முன்னால். வராத கடிதத்தை எவன் போலியாகச் செய்ய முடியும்?

இன்னொன்று. 1941 டிசம்பரில் போலந்துப் பிரதமர் சிகோர்ஸ்கி நேரில் போய் எங்கள் ஆட்கள் எங்கே என்று கேட்டபோது, தப்பித்துப் போயிருப்பார்கள், மஞ்சூரியாவுக்கு என்றார் ஸ்டாலின். 1943இல் குழி தோண்டியதும் கதை மாறுகிறது: ஸ்மோலென்ஸ்குக்கு மேற்கே கட்டுமான வேலையில் இருந்தார்கள், 1941இல் ஜெர்மனி பிடித்துக்கொண்டது என்கிறார்கள். அது தெரிந்திருந்தால் சிகோர்ஸ்கி கேட்டபோதே சொல்லியிருக்கலாமே.

சோவியத் ஒத்துக்கொண்டது 1990 ஏப்ரலில், கோர்பச்சேவ் காலத்தில். 1992இல் ரஷ்ய அதிபர் யெல்ட்சின் வெளியிட்ட காகிதங்களில் அவர்களைச் சுட 1940 மார்ச் 5 தேதியிட்ட முடிவும் அதில் ஸ்டாலின் கையெழுத்தும் இருந்தன. காட்டினோடு வேறு இடங்களையும் சேர்த்தால் கொல்லப்பட்டவர்கள் சுமார் 22,000 பேர்.

பொய்யன் நிஜம் சொல்வான், அது அவனுக்கு லாபமாக இருக்கிற அன்றைக்கு. கெப்பல்ஸுக்கு அந்தப் போலந்துக்காரர்கள் மேல் ஒரு துளி பாசமும் கிடையாது, கூட்டணியை உடைக்க வேண்டும், அவ்வளவுதான். பிரச்சாரம் என்றால் பொய் என்று அர்த்தமில்லை.

குறுக்குக் கேள்வி:

டெஸ்க் ஐயா, பிரமாதம், ஆனால் 50 வருஷம் கழித்து விடை தெரிந்த பரீட்சைக்கு உட்கார்ந்து எழுதுகிறீர்கள். காட்டினில் எடுத்த தோட்டாக்கள் ஜெர்மன் தோட்டாக்கள் என்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்? 1943இல் அது மட்டும் தெரிந்த ஒருவன் என்ன முடிவுக்கு வருவான்? நம்மைப் போன்ற ஆட்கள் குழி தோண்டிப் பார்க்க முடியுமா, 1959 ரத்தத்தைச் சோதிக்க முடியுமா?

அதுவும்போக, அரசாங்கம் நிஜமாகவே மறைக்கும்போது ஆதாரம் எங்கிருந்து வரும்? சிஐஏ மனசை அடக்குகிற மருந்து என்று ஆளுக்குத் தெரியாமலே எல்எஸ்டி என்ற போதை மருந்தைக் கொடுத்துப் பார்த்ததே, எம்கே அல்ட்ரா என்ற ரகசியத் திட்டம், அதன் ஃபைல்களை 1973இல் தலைவரே அழிக்கச் சொன்னார். ஆதாரம் இல்லை என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சரியாகத்தான் இருந்திருக்கும், விஷயமோ நிஜம்.

பழைய டெஸ்க்:

நல்ல அடி. தோட்டாவை வேண்டுமென்று விடவில்லை, நீளம் கருதி விட்டேன். ஜெகோ என்ற ஜெர்மன் மார்க், 7.65 மில்லிமீட்டர். கெப்பல்ஸே 1943 மே மாதம் டைரியில் புலம்பியிருக்கிறார், இது வெளியே தெரிந்தால் மொத்தக் கதையும் போச்சு என்று. ஜெர்மனி முன்பே சோவியத்துக்கும் போலந்துக்கும் பால்டிக் நாடுகளுக்கும் விற்ற சரக்கு அது. தோட்டா எந்த ஊர் என்பது சுட்டவன் எந்த ஊர் என்று சொல்லாது. ஆமாம், அது மட்டும் தெரிந்தவன் தப்பாகத்தான் முடிவு செய்திருப்பான். அதனால்தான் ஒற்றைத் துண்டை வைத்துக்கொண்டு யாராவது உங்களிடம் ஓடிவந்தால், மற்ற துண்டெல்லாம் எங்கே என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஆனால் 1943இல் தெரிந்திருக்கவே முடியாது என்பதை ஒத்துக்கொள்ளமாட்டேன். ஓவன் ஓமாலி என்று, நாட்டைவிட்டு வந்து லண்டனில் இருந்த போலந்து அரசுக்கு பிரிட்டன் தூதர். அந்த மே மாதமே லண்டனில் உட்கார்ந்தபடி, நின்றுபோன கடிதங்களையும் மாறிய பதில்களையும் அடுக்கிப் பார்த்து சோவியத்தான் செய்திருக்க வேண்டும் என்று தன் அரசாங்கத்துக்கு எழுதிவிட்டார். படித்தார்கள், பூட்டி வைத்தார்கள். நிஜம் தெரியாமல் இல்லை, அன்றைக்கு அது வசதிப்படவில்லை.

எம்கே அல்ட்ரா பற்றி: அழித்ததும் ஒரு தடயம்தான். அதிலும் வேடிக்கை, 1977இல் சுமார் 20,000 ஆவணங்கள் மாட்டின, எங்கே என்றால் கணக்குப் பிரிவின் பழைய கட்டுகளில். ரகசிய ஃபைலை எரித்தவனுக்கு, செலவுக் கணக்கை எரிக்கத் தோன்றவில்லை. காசு கொடுத்தால் ரசீது இருக்கும் தம்பி, எங்கள் ஊர் கூட்டுறவுச் சங்கத்திலேயே பலர் அப்படித்தான் மாட்டினார்கள்.

1970க்கு முன்னால் ஒருவர் சிஐஏ இப்படிச் செய்கிறது என்று சொல்லியிருந்தால் நான் "இருக்கலாம், காட்டு" என்று சொல்லியிருப்பேன். "பொய்" என்றும் சொல்லமாட்டேன், "ஆமாம்" என்றும் சொல்லமாட்டேன். டெஸ்க்கில் அதற்கு ஒரு ட்ரே இருக்கும், பாதி வெந்த செய்தியைப் போட்டு வைக்க. வாட்ஸப்பில் அந்த ட்ரே இல்லாததுதான் கோளாறு, வந்ததும் அனுப்பு அல்லது திட்டு, இரண்டே பட்டன்.

ஒரு தரப்பு எப்போது கதை விடுகிறது என்று பார்க்க எனக்கு ஒரு குணம் உதவும். 2014 ஜூலை 17இல் உக்ரைன் மேலே மலேசிய விமானம் எம்எச்17 விழுந்தது, 298 உயிர். ரஷ்யத் தரப்பிலிருந்து முதலில் உக்ரைன் போர்விமானம் சுட்டது என்றார்கள், பிறகு தரையிலிருந்து உக்ரைனின் 'புக்' என்ற வகை ஏவுகணை சுட்டது என்றார்கள், நடுவில் பிணங்கள் முன்பே செத்தவை என்று ஒரு கதை. இது நிஜமென்றால் அது பொய், ஆனால் முன்னால் சொன்னதை யாரும் திரும்ப வாங்கவில்லை. நிஜத்தைத் தேடுகிறவனுக்கு அந்த முரண்பாடு உறுத்தும். எதிராளியைக் குழப்பினால் போதும் என்கிறவனுக்கு உறுத்தாது. விசாரணை செய்தவர்கள் ஏவுகணை ஏற்றிய ஒரே வண்டியின் படங்களைச் சாலை சாலையாக அடுக்கி, ரஷ்யாவின் 53ஆவது படைப்பிரிவு வரை போனார்கள், 2022 நவம்பரில் நெதர்லாந்து நீதிமன்றம் மூன்று பேருக்குத் தண்டனை கொடுத்தது. சுந்தர் சொன்ன "எல்லாரும் பொய், தூங்கு" இருக்கிறதே, அந்தக் கதைகள் அத்தனையும் நம்மைக் கொண்டுபோய் விட நினைத்த இடம் அதுதான்.

சும்மா சுந்தர்:

சரி சரி, எழுந்துட்டேன்.

பிக்சல் பாண்டி:

எல்லாரும் சரித்திரம் பேசுகிறீர்கள், முதல் வீடியோவை யாருமே கவனிக்கவில்லை. வளைந்து வளைந்து போகிற நெருப்புக் கோடு, ராத்திரி, விமானம்... கம்பத்தான், அது ஆர்மா 3 மாதிரி இருக்கிறதே. செக் நாட்டு போஹீமியா இன்டராக்டிவ் கம்பெனியின் கேம். உக்ரைன் போர் என்று இந்த கேம் காட்சிகள் இவ்வளவு சுற்றியதால், 2022 நவம்பரில் அந்தக் கம்பெனியே எப்படிக் கண்டுபிடிப்பது என்று அறிவிப்பு விட்டது. படம் தெளிவே இல்லாமல் இருக்கும், கேமரா ஆடும், பெரும்பாலும் இருட்டு, சத்தம் இருக்காது, மனுஷன் நடமாட்டம் இருக்காது. கேமில் மனுஷன் நடந்தால் பொம்மை என்று தெரிந்துவிடும், அதனால் வெட்டிவிடுவார்கள். பெரியப்பா வீடியோவில் யாராவது ஓடுகிறார்களா, கத்துகிறார்களா? நிறுத்தி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து ரிவர்ஸ் இமேஜில் போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிஷ வேலை.

நாம் யாருக்குக் கைதட்டுகிறோமோ அவர்கள் விஷயத்திலும் இதைச் செய்யணும். 2022 பிப்ரவரியில் உக்ரைனின் பாம்புத் தீவைக் காத்த வீரர்கள் அத்தனை பேரும் வீர மரணம் என்று அதிபர் ஜெலன்ஸ்கியே அறிவித்தார், சில நாளில் உயிரோடு சிறைப்பட்டிருக்கிறார்கள் என்று உக்ரைனே சொன்னது. ரஷ்ய விமானங்களை ஒற்றை ஆளாகச் சுட்டு வீழ்த்தினார் என்று சொல்லப்பட்ட 'கீவின் பேய்' விமானியை நானும் ஸ்டேட்டஸ் வைத்தவன்தான், ஏப்ரல் கடைசியில் உக்ரைன் விமானப்படையே அது கட்டுக்கதை என்று சொன்னதும் சத்தமில்லாமல் எடுத்தேன்.

கம்பத்தான்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று சாயங்காலம் போனேன். வாதம் பண்ணப் போகவில்லை, முதலில் குவைத் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி, நான் சிரித்தது தப்பு என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம்தான் போன் கைக்கு வந்தது. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். ஒரு ஆளும் இல்லை, சத்தமும் இல்லை, பின்னால் யாரோ சேர்த்த பாட்டு மட்டும். தேடியதில் இரண்டு வருஷம் முன்னால் கேம் வீடியோ என்றே ஒருவர் போட்டிருந்தது கிடைத்தது. பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இதை அனுப்பினவன் ரிட்டையர்ட் ஹெட்மாஸ்டர்டா" என்றார்.

எய்ட்ஸில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. 1983 கடிதம் கேஜிபி வேலை என்றதற்கு, இருக்கட்டும், டெஸ்க்காரர் சொன்ன மாதிரி பொய்யனும் நிஜம் சொல்வானே என்று என்னையே மடக்கிவிட்டார் (தப்பு என்னுடையது, காட்டின் கதையை முதலில் சொல்லிவிட்டேன்). 1959 ரத்தம் என்றதும், "அந்த டியூப் இத்தனை வருஷம் யார் கையில் இருந்தது? அதுவும் அமெரிக்காக்காரன்கிட்டதானே?" என்றார். எனக்குப் பதில் இல்லை. அக்கா?

லேப் அக்கா:

கேள்வி சரியான கேள்வி, பெரியப்பா எங்கள் லேபில் வேலைக்கு வரலாம். அந்த ஒரு டியூபை அப்படியே ஒதுக்கி வைத்துவிடச் சொல்லுங்கள். 2008இல் இன்னொன்று வந்தது. 1960இல் அதே ஊரில் ஒரு பெண்ணிடமிருந்து எடுத்த நிணநீர்க் கணுத் துண்டு, மெழுகுக் கட்டிக்குள் வைத்தது, கின்ஷாசா பல்கலைக்கழக நோயியல் துறையிலேயே இத்தனை வருஷம் கிடந்தது. அதிலும் எச்ஐவி. இரண்டு வைரஸையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிறைய வித்தியாசம், அவ்வளவு மாறப் பல பத்து வருஷம் ஆகும், அதனால் 1900களின் ஆரம்பத்திலேயே மனுஷருக்குள் வந்துவிட்டது என்று கணக்குப் போட்டார்கள். இதைச் சொல்லிப் பாருங்கள், என்ன கேட்கிறார் என்று இங்கே வந்து எழுதுங்கள்.